தாய்வீட்டுப் போன்

அத்தியாயம் 11

போன அத்தியாயத்தில் தாமோதரன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாரே, அந்தத் தட்டு இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. அவர் மனைவி விஜயகுமாரி அதை எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டாள். தள்ளியவர்தானே எடுக்க வேண்டும்?

சண்டை ஒரு போனுக்கு. பொங்கலுக்கு அவள் தம்பி பூபாலன் சீராகக் கொண்டுவந்து கொடுத்த போன். கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை, நடுவில் இந்தப் போன் என்று தாம்பாளத்தில் வைத்து, தெருவே பார்க்கக் கொண்டுவந்தான். மத்தியானம் வரைக்கும் சார்ஜ் நிற்காத இந்தச் சனியனைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம் என்றார் தாமோதரன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒம் பொறந்த வூட்டுலேர்ந்து வந்தது எது உருப்படியா இருந்துச்சு?" என்று கூடவே ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டார்.

அந்த வார்த்தைக்குத்தான் விஜயகுமாரி சுவரைப் பார்த்துப் படுத்தாள். மகள் ஜெயப்பிரியாவுக்கு ஆவணியில் கல்யாணம். கருங்குழி மாப்பிள்ளை ஹரியைத் தேடிக் கொண்டுவந்ததே பூபாலன்தான். பத்திரிகையில் தாய்மாமன் என்று அவன் பெயர் அச்சாகி வந்திருக்கிறது. இந்த நேரத்தில் அவன் கொடுத்த பொருளைக் குப்பை என்று சொன்னால் அவளுக்கு வலிக்காதா?

காலையில் போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கினாள். நூறு காட்டியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பச்சைக் கிளி சிறகடித்து வந்து திரையை மறைத்து, உங்கள் ராசிக்கு இன்று பொறுமை தேவை என்றது. கிளியைத் தள்ளினால் ஒரு விளக்குமாறு வந்து, போனில் குப்பை சேர்ந்துவிட்டது, கூட்டவா என்றது. அதைத் தள்ளினால் ஒரு சக்கரம், சுற்றினால் பரிசாம். எதையும் அவள் கேட்டு வாங்கவில்லை. அழிக்கப் பார்த்தால் அழிக்கும் வழியும் இல்லை. எல்லாவற்றையும் தள்ளி முடிப்பதற்குள் தொண்ணூற்று மூன்றுக்கு இறங்கியிருந்தது.

"அது கம்பெனியே உள்ள வெச்சி அனுப்பறதுதான்கா. யாரு நெனச்சாலும் எடுக்க முடியாது" என்று பூபாலன் அன்றைக்கே சொல்லியிருந்தான். மாமல்லபுரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்று அவளும் நம்பினாள்.

தாமோதரன் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கல்பாக்கத்துக்கு ஆள் ஏற்றும் வாடகை பஸ் ஓட்டுகிறவர். விடியலில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை.

"இன்னிக்கு கரன்ட் கெடையாது, தெரியுமில்ல? மாசாந்திர கட்டு. புடுங்கினா சாயங்காலம்தான் வரும்."

"தெரியும்."

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போற? ஒந்தம்பியாண்ட சொல்லி ஒரு டிரான்ஸ்பார்மரும் சீரா குடுக்கச் சொல்லு."

அவள் பவர் பேங்கைப் போனோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தாள்.

*

புதிதாக இந்தக் கதைக்குள் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கும் அவர்கள் ஊரில், நூறு நாள் வேலைக்கு விஜயகுமாரிதான் பணித்தளப் பொறுப்பாளர். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். வெயிலும் ஏச்சும் எல்லோருக்கும் பொதுதான். கூடுதலாக அவள் கையில் ஒரு போன், அவ்வளவே.

ஆனால் அந்தப் போனில்தான் எல்லோருடைய சோறும் இருக்கிறது. வேலை தொடங்கியதும் ஆட்களை நிற்க வைத்து ஒரு படம். நாலு மணி நேரம் கழித்து இன்னொரு படம். இரண்டையும் அந்த இடத்திலிருந்தே ஏற்ற வேண்டும். இரண்டாவது படம் ஏறவில்லை என்றால், காலையிலிருந்து மண் வெட்டிச் சுமந்தவர்கள் வேலைக்கே வரவில்லை என்று ஆகிவிடும். வேறு யார் போனிலாவது எடுத்து ஏற்றலாமே என்றால், அவள் போன்தான் ஒன்றிய அலுவலகத்தில் பதிந்தது. மற்றதில் திறக்காது.

திங்கட்கிழமை அப்படித்தான் ஒரு நாள் கூலி போனது. அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

இன்றைக்கு ஏரி வரத்துக் கால்வாயில் தூர் எடுக்கும் வேலை. முதல் படம் ஒழுங்காக ஏறியது. ஆனால் அதற்குள் சார்ஜ் பாதிக்கு வந்திருந்தது. உடனே போனை அணைத்தாள். ஈரத்துண்டில் சுற்றி, கரையோரம் வேப்பமர நிழலில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வயதான வேண்டாவைக் காவலுக்கு உட்கார வைத்தாள். நிழல் நகர நகர வேண்டாவும் போனை நகர்த்தி வைக்க வேண்டும்.

"விஜயா, ஒம்புள்ள மேல வெய்யிலு படுது பாரு" என்று சந்திரம்மா கால்வாய்க்குள்ளிருந்து கத்தினாள்.

எல்லோரும் சிரித்தார்கள். விஜயகுமாரியும் சிரித்து வைத்தாள். வேறென்ன செய்வது?

வெயில் உச்சி தாண்டியது. நேரம் பார்த்து எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டு, போனை உயிர்ப்பித்தாள். அணைத்து வைத்தால் மிச்சமாகும் என்றுதானே நினைப்போம்? இந்தப் போனில் அந்தக் கணக்கே வேறு. திரை வெளிச்சமானதும் உள்ளே தூங்கிய அத்தனையும் ஒன்றாக முழித்துக்கொண்டன. கிளி ராசி சொல்ல வந்தது. விளக்குமாறு கூட்ட வந்தது. கேட்காத செய்தி ஒன்று யாரோ கத்தும் சத்தத்தோடு ஓடியது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். போனின் முதுகு சுட்டது. பவர் பேங்கின் விளக்கு அணைந்து கிடந்தது. இருபத்தெட்டு. பத்தொன்பது.

வருகைப் பதிவு திறந்தது. இடத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று ஒரு வட்டம் சுற்றியது.

"எல்லாம் இந்தாண்ட பாருங்க! துண்ட எடு சந்திரம்மா, மூஞ்சி தெரியல."

புடவைத் தலைப்பைத் தலையோடு போனின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கேமராவை அழுத்தப் போனாள். அப்போது பார்த்து திரை முழுக்க அந்தச் சக்கரம் வந்தது. சுற்றுங்கள், தங்கக் காசு வெல்லுங்கள். மூடுவதற்கான பெருக்கல் குறி மூலையில் வருவதற்கே காத்திருக்க வேண்டும். வந்தது. தொட்டாள். கை வியர்வையில் அது கேட்கவில்லை. மறுபடி தொட்டாள். சக்கரம் சுற்றத் தொடங்கியது.

திரை கறுப்பானது.

விஜயகுமாரி அந்தக் கறுப்பில் தன் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். கால்வாயோரம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"மறுபடியும் பூட்ச்சா?"

"இன்னாமே இது, தெனமும் இதே ரோதனையா கீது!"

சந்திரம்மா மண்வெட்டியைத் தொப்பென்று போட்டாள். "நாங்க இன்னா வெளையாடறதுக்கா வரோம்? குனிஞ்சி குனிஞ்சி இடுப்பு வுட்டுப் போவுது. ஒனக்கு ஒந்தம்பி சீரு குடுத்த பெரும, எங்களுக்கு கூலி நஷ்டமா? இன்னிக்கி படம் ஏறல, நாளைக்கி ஒன்றியத்துக்குப் போயி ஆள மாத்தச் சொல்லி எழுதிக் குடுப்பேன். மூஞ்சிக்கு நேராவே சொல்றேன்."

விஜயகுமாரிக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. சந்திரம்மா மேல் அல்ல, அவள் கேட்பதில் என்ன தப்பு? கரன்டை நிறுத்தியவன் மேல், போன் செய்தவன் மேல், ஏன், காலையில் நக்கலடித்துவிட்டுப் போன புருஷன் மேல்கூட வந்தது. தம்பி மேல் மட்டும் வரவில்லை. அவன் பாவம், நல்லது என்று நினைத்துத்தானே கொடுத்தான்?

"மாமல்லபுரத்துல கரன்ட் கீது. எந்தம்பி கடையில சார்ஜு போட்டு, இதுக்கு இன்னா கேடுன்னு பாத்து எடுத்தாரேன். சாயங்காலம் வரைக்கும் படத்த ஏத்தலாம். நீங்க வூட்டுக்குப் போங்க, வந்ததும் கூப்புடறேன்."

"வூட்டுக்கா?" வேண்டா மரத்தடியில் காலை நீட்டினாள். "வூட்டுக்குப் போயி, திரும்பி எல்லாரும் ஒண்ணா வருவோமா? ஒருத்தி வருவா, ஒருத்தி வர மாட்டா. நாங்க இங்கியேதான் குந்திகினு இருப்போம். நீ போயி அதுக்கு உசுரு குடுத்து எடுத்தா."

*

மாமல்லபுரம் பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் தெருவில், சிலைப் பட்டறைக்கு எதிரே பூபாலனின் கடை. கல் செதுக்கும் சத்தத்துக்கு நடுவே ஏசி போட்டுக் கண்ணாடிக் கதவை மூடி வைத்திருப்பான். மண் ஒட்டிய காலோடு விஜயகுமாரி உள்ளே நுழைந்ததும், பூபாலன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான்.

"வாக்கா வாக்கா! இன்னா இந்த வெய்யில்ல? குந்து. ஜூஸ் சொல்லட்டா?"

"ஜூஸு கெடக்குது. மொதல்ல இதுக்கு சார்ஜ் போடு. ஊருல பொம்பளைங்க பட்டினியா குந்தியிருக்கறாங்க."

நடந்ததைச் சொன்னாள். பூபாலன் உச்சுக் கொட்டிக்கொண்டே கேட்டான். போனைச் செருகினான். பேட்டரி கொஞ்சம் வீக்காக இருக்கும், வேறு வரவழைத்துப் போட்டுத் தருகிறேன், காசெல்லாம் பேசாதே என்றான். அவளுக்கு மனசு இளகிவிட்டது. இவனைப் போய் அந்த மனுஷன் வாய்க்கு வந்தபடி பேசினாரே என்று நினைத்தாள்.

கடையில் இன்னொரு பெண்மணி இருந்தாள். தனகோடி என்று பெயர். கோவளத்துக்காரி, மாமல்லபுரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். மகள் காலேஜில் சேரப் போகிறாளாம், அவளுக்கு முதல் போன். புது டப்பாவைப் பிரித்ததும் அந்த வாசனைக்கே தனகோடியின் முகம் மலர்ந்தது.

"ரெண்டு நிமிசம்மா. செட்டிங் போட்டுத் தந்துடறேன்" என்று பூபாலன் அந்தப் போனில் ஒரு கேபிளைச் செருகி, லேப்டாப்பில் எதையோ தட்டினான்.

விஜயகுமாரி சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தாள். போனின் திரை வெறுமையாக இருந்தது. கடிகாரமும் இன்னும் ஏழெட்டுப் படங்களும், அவ்வளவுதான். ஒரு மணிச் சத்தம். மூலையில் ஒரு விளக்குமாறு முளைத்தது. இன்னொரு மணி. சக்கரம். இன்னொன்று. செய்தி. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து மேஜையருகே வந்தாள். இன்னொரு மணி.

பச்சைக் கிளி வந்து உட்கார்ந்தது.

"பூபாலா. இது இன்னாடா?"

"எத்தச் சொல்றக்கா?"

"இந்தக் கிளி. இப்ப நீ கேபிள் மாட்டினப்புறம்தானே வந்துச்சு?"

பூபாலன் லேப்டாப்பைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பினான். "அது வந்துக்கா... செட்டிங் போடும்போது அதுவா வரும்."

"அதுவா வருமா, நீ போடறியா?"

"கஸ்டமர் கீறாங்கக்கா. அப்பறம் பேசலாம்."

"நானும்தாண்டா கஸ்டமரு. ஊர்ல முப்பது பொம்பளைங்க குந்தியிருக்காங்க, அவங்களும் கஸ்டமருதான். சொல்லு. கம்பெனி வெச்சி அனுப்புதுன்னு சொன்னியே, இந்த டப்பா இப்பத்தானே பிரிச்ச? உள்ள ஒண்ணியும் இல்லியே!"

தனகோடி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பூபாலன் குரலைத் தாழ்த்தினான்.

"எல்லாக் கடையிலியும் பண்றதுதான்கா. ஆப் கம்பெனிக்காரன் ஏஜென்ட்டு கீறான். புதுப் போனுல இதெல்லாம் போட்டு வுட்டா, ஒரு போனுக்கு இவ்ளோன்னு குடுப்பான். போன் விக்கறதுல இன்னா பெருசா நிக்குது? இது மாதிரி ஏதாவது வந்தாத்தான் வாடக கட்டலாம்."

"எம்போனுலியுமா போட்ட?"

"ஒனக்குன்னு தனியா போடலக்கா. ஸ்டாக்குல எல்லாத்துக்கும் போட்டு வெச்சிருந்தேன், அதுலேர்ந்து ஒண்ணு எடுத்தாந்தேன்."

"எடுத்தாந்த சரி. அப்பறம் நான் எத்தினி தபா போன் பண்ணேன்? அழிய மாட்டேங்குதுன்னு அழுதனே, அன்னிக்கி சொல்லக் கூடாதா?"

"மூணு மாசம் அது போனுலியே இருக்கணும்கா. நடுவுல எடுத்தா குடுத்தத திருப்பி எடுத்துப்பான். அதான் எடுக்க முடியாதுன்னு சொன்னேன்."

"பொங்கல் போயி அஞ்சு மாசம் ஆவுதேடா!"

பூபாலன் தலையைச் சொறிந்தான். "அப்பறம்... மறந்துட்டேன்கா."

ஏமாற்றினேன் என்று சொல்லியிருந்தால்கூட விஜயகுமாரிக்கு இவ்வளவு எரிந்திருக்காது. மறந்துவிட்டானாம். அவள் ஈரத்துணி சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, வேண்டாவைக் காவல் வைத்து, புருஷனிடம் மல்லுக்கட்டி, ஊராரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த அத்தனை நாளும் இவன் மறந்திருந்தான்.

"ஒரு போனுக்கு எவ்ளோ குடுப்பான்?"

அவன் முணுமுணுத்தான். அவளுக்குக் காது நன்றாகவே கேட்டது. மண் வெட்டுகிற ஒருத்தியின் ஒரு நாள் கூலியில் பாதிகூட இல்லை.

"எடு" என்றாள். "எல்லாத்தையும் எடு. எங்கண்ணு முன்னாடி எடு."

"சார்ஜு ஏறட்டும்கா, பொறுமையா..."

"எடுறா!"

கல் செதுக்கும் சத்தம் எதிர்ப்பட்டறையில் ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கியது. பூபாலன் மறுபேச்சில்லாமல் அவள் போனில் கேபிளைச் செருகினான். கிளி போனது. விளக்குமாறு, சக்கரம், கத்துகிற செய்தி எல்லாம் வரிசையாகப் போயின. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அதுவரை வாயைத் திறக்காத தனகோடி தன் போனைத் தூக்கி மேஜையில் வைத்தாள். "நைனா, இதுலியும் அந்தக் கிளி வேணாம். எம்பொண்ணு படிக்கப் போவுது, ஜோசியம் பாக்க இல்ல. எடுத்துட்டுக் குடு."

சார்ஜ் பாதிக்கு மேல் ஏறியதும் விஜயகுமாரி போனைப் பிடுங்கினாள். "வண்டிய எடு. ஆட்டோ புடிச்சி நான் போயிச் சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். நீயே கொண்டாந்து வுடு."

வழியெல்லாம் பூபாலன் தோளுக்கு மேல் தலையைத் திருப்பித் திருப்பிப் பேசினான். "ஊர்ல இத்தச் சொல்லிடாதக்கா. மாமாவாண்ட சுத்தமா சொல்லாத. ஏற்கெனவே என்ன எளக்காரமாத்தான் பாக்கறாரு. கல்யாண நேரம் வேற. நம்ம வூட்டு மானம்கா."

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், சொல்லிவிடக் கூடாது என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். நிறைய முழுங்கியிருக்கிறாள். பத்திரிகையில் பெயர் வந்தாயிற்று, இதையும் முழுங்கிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

*

வேப்பமரத்தடியில் ஒருத்தியும் போகவில்லை. யாரோ வீட்டிலிருந்து ஒரு தூக்கு மோர் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் எல்லோரும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். காலை நடை முடித்துத் திரும்பி, சாயங்கால நடைக்குக் கிளம்பவிருந்த தாமோதரனும் விஷயம் கேள்விப்பட்டு அங்கே வந்து நின்றிருந்தார்.

"நில்லுங்க, நில்லுங்க, காலைல நின்ன மாதிரியே நில்லுங்க!"

வட்டம் ஒரே சுற்றில் இடத்தைக் கண்டுபிடித்தது. அழுத்தினாள். படம் விழுந்தது. அனுப்பினாள். ஏறிவிட்டது என்று பச்சைக் குறி வந்தது. சார்ஜ் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை.

"ஏறிட்ச்சி!" என்று கத்தினாள்.

கைதட்டாத குறைதான். சந்திரம்மா முகம்கூட விரிந்துவிட்டது. வேண்டா நேராகப் பூபாலனிடம் போய் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருப்பா நீ. அக்காவுக்கு ஒண்ணுன்னதும் கடையப் போட்டுட்டு ஓடியாந்தியே. பொறந்த பொறப்புன்னா இப்பிடி இருக்கணும்."

விஜயகுமாரி பல்லைக் கடித்தாள். சரி, பரவாயில்லை, கையை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று காத்திருந்தாள். அவன் போகவில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் வியாபாரிக்கு வாய் சும்மா இருக்குமா?

"இதெல்லாம் கம்பெனிக்காரனுங்க பண்ற அநியாயம்மா. போனுக்குள்ள கண்டதையும் வெச்சி ஏழைங்க வயித்துல அடிக்கறானுங்க. எங்கக்கா பட்ற பாட்டப் பாத்து எனக்கு மனசே கேக்கல. ஒங்க போனுலியும் இந்த மாதிரி இருந்தா நம்ம கடைக்கு எடுத்துகினு வாங்க. புதுசு வேணும்னாலும் வாங்க, பாத்துப் போட்டுத் தரேன்."

"வேண்டாக்கா" என்றாள் விஜயகுமாரி. "அவன் கைய வுடு."

"ஏம்மா?"

"வுடுன்றேன். அந்தக் கண்டதையும் எம்போனுல போட்டது கம்பெனி இல்ல. இவன்தான். கேபிள் மாட்டி இவன் கையாலதான் போட்டான். அதுக்கு இவனுக்கு டப்பு வந்துச்சு. எடுக்க முடியாதுன்னு எங்கிட்ட பொய் சொன்னான். எடுக்கறதுக்கு கால் மணி நேரம் ஆச்சு. திங்கக்கெழம ஒங்க கூலி போனது இவனாலதான்."

பூபாலன் முகம் வெளுத்தது. "அக்கா, இன்னாக்கா பேசற..."

"ஏழைங்க வயித்துல அடிக்கறானுங்கன்னு சொன்னியே, அத்தத்தான் பேசறேன். அன்னிக்கி இவங்க அத்தினி பேரு கூலியும் போச்சு. ஒனக்கு வந்தது ஒருத்தி கூலில பாதி. அத்த வாங்கிகினு, தட்டுல கரும்பு வெச்சி, பொட்டு வெச்சி, எனக்கு சீருன்னு குடுத்த. நானும் தெருவுக்கெல்லாம் காட்டினேன். அஞ்சு மாசமா எம்புருசங்கிட்ட ஒனக்காக சண்ட போட்டேன்டா! இப்ப என்ன வெச்சிகினே இவங்களையும் கடைக்குக் கூப்புட்ற?"

சந்திரம்மா இரண்டடி முன்னால் வந்தாள். "மெய்தானாய்யா இது?"

பூபாலன் வேண்டாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு வண்டியில் ஏறினான். உதைத்து உதைத்துப் பார்த்தான், மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

"ஊருக்கு முன்னாடி வெச்சி அசிங்கப்படுத்திட்ட இல்ல? சரி. ஆவணில மாமன் எடத்துல யாரக் குந்த வெக்கறன்னு நானும் பாக்கறேன்."

புழுதி அடங்கியதும் பெண்கள் ஒவ்வொருவராக மண்வெட்டியையும் கூடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சந்திரம்மா போகும்போது அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

தாமோதரன் வந்து எதிரில் நின்றார். இப்போது பேசுவார், அஞ்சு மாசத்துக்கும் சேர்த்துப் பேசுவார் என்று விஜயகுமாரி தயாராக இருந்தாள். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இன்னா காரியம் பண்ண நீ?" என்றார். "வூட்டுக்குள்ள நான் ஆயிரம் சொல்லுவேன். அதுக்குன்னு தாய்மாமன இத்தினி பேரு எதிர்ல வெச்சி கேக்கலாமா? பத்திரிக அடிச்சாச்சி. பொண்ணு கல்யாணம் நிக்குது. வூட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஒங்கிட்ட சொன்னா நீ ஒருத்தன் சந்தோசப்பட்டிருப்ப" என்றாள். "கூலி போனது ஒனக்கில்ல, அவங்களுக்கு. வெய்யில்ல குந்தியிருந்தது அவங்க. அவங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியணும்?"

தாமோதரன் வாயைத் திறந்தார். அதற்குள் போன் அடித்தது. சிறுசேரியில் வேலை பார்க்கும் ஜெயப்பிரியா. அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"அம்மா, இன்னாம்மா நடந்துது அங்க? மாமா கருங்குழிக்குப் போன் போட்டுட்டாராம். ஹரி இப்பத்தான் சொன்னாரு. பொண்ணோட அம்மா சரியில்ல, கூடப் பொறந்தவனையே ஊருக்கு முன்னாடி திருடன்னு சொல்றவ, நல்லா யோசிச்சிக்கோங்கன்னு சொன்னாராம். அவங்கப்பா நாளைக்கு நம்ம வீட்டுக்குப் பேச வராராம். ஏம்மா பேச மாட்டேங்கற?"

ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே வண்டியை ஓரம் கட்டிப் பேசியிருக்கிறான். விஜயகுமாரி கரைமேல் உட்கார்ந்தாள். கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தாள். அந்தப் பயத்தையும் மீறி ஆத்திரம் வந்தது.

"ஜெயா, அவங்கப்பா நம்பரு ஒங்கிட்ட கீதா?"

"இருக்கு. எதுக்கு?"

"அனுப்பு. அவரு நாளைக்கி வரணும்னு இல்ல. இப்பவே நான் பேசறேன்."

"விஜயா, வேணாம். நான் பக்குவமா பேசிக்கறேன்" என்று தாமோதரன் போனைப் பிடுங்கக் கை நீட்டினார். அவள் எழுந்து கரைமேல் வேகமாக நடந்தாள். நம்பர் வந்தது. அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"நான் பொண்ணோட அம்மா பேசறேங்க" என்றாள். "எந்தம்பி சொன்னதெல்லாம் நெசந்தான். எதுக்காக அப்பிடிச் சொன்னேன்றத மட்டும் அவன் சொல்லியிருக்க மாட்டான்."